வளைவில் பதினைந்து நிமிடம்

தெருவை அகலப்படுத்த வேண்டுமா வேண்டாமா என்று மூன்று மாதமாகச் சண்டை. வேண்டும் என்றவர்களும் பாதுகாப்புக்காகத்தான் என்றார்கள், வேண்டாம் என்றவர்களும் பாதுகாப்புக்காகத்தான் என்றார்கள். உள்ளதைச் சொல்லப்போனால், வாத்தியாருக்குப் புதிதாக வாங்கிய பெரிய காரை நிறுத்த இடம் வேண்டும். தையல்காரருக்குத் தன் கடை வேண்டும். வீட்டுக்கு நாலடி எடுப்பதாகப் பேச்சு. கடையின் நீளமே ஒன்பதடி. அதில் நாலு போனால் துணி வெட்டும் மேசையைத் தலையில்தான் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருஷப் பிழைப்பு அந்த மேசைமேல்தான் நடக்கிறது.

"அகலமாக்கினா வண்டியெல்லாம் பறக்கும். இப்ப நம்ம தெருவுல எவனாவது வேகமா போறானா? போகத்தான் முடியுமா?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டார் தையல்காரர். அதில் நியாயம் இருந்ததுதான் வாத்தியாருக்கு எரிச்சல்.

"தீப்பிடிச்சா தீயணைப்பு வண்டி எப்படிய்யா உள்ள வரும்?" என்றார் வாத்தியார்.

"ஏன் வராது? ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டினா ஊசிக் காதுலயும் வரும்!"

வாயை விட்டாரா, கூட்டத்துக்கு வந்திருந்த தீயணைப்பு அதிகாரி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை. தெருமுனையிலிருந்து கடைசி வீடுவரை பத்து நிமிடத்துக்குள் வண்டி வந்துவிட்டால் தெரு தப்பித்தது. வராவிட்டால் வீட்டுக்கு நாலடி.

அன்றைக்குப் பணியில் இருந்த ஓட்டுநர், தையல்காரரின் சொந்த மருமகன்! மகள் தானே பார்த்துக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை. அதே தெருவின் கடைசி வீட்டு மாடியில்தான் குடித்தனம். நாலு வருஷமாக மாமனாருக்கு அவர் வெறும் 'மணியடிக்கிற வண்டிக்காரர்'. பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் காரியம் ஆகவேண்டும் என்றால் கழுதையின் காலையும் பிடிக்கலாம் அல்லவா? அந்த வாரமே மருமகனைக் கடைக்குக் கூப்பிட்டு, அளவெடுத்து, ஒரு புதுச்சட்டை தைத்துக் கொடுத்தார். வாய்க்கு வாய் மாப்பிள்ளை.

ஞாயிறு விடிந்ததும் தெருவே உள்ளே போய்விட்டது. ஸ்கூட்டர்கள், பூந்தொட்டிகள், துணி காயும் கொடிகள், எல்லாவற்றையும் தையல்காரர் வீடு வீடாகப் போய் எடுக்க வைத்தார். வாத்தியார் மட்டும் காரை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். அதிகாரி முறைத்ததும் எடுத்தார்.

அடுப்படிக்குள் யானை நுழைந்த மாதிரி வண்டி வந்தது. வளைவுவரை நாலே நிமிடம். தையல்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. வளைவில்தான் அவர் கடை. கடைவாசலில் தெருவை நோக்கி இறங்கும் மூன்று கருங்கல் படிகள். ஒரு பக்கம் படி, எதிர்ப்பக்கம் மதில். வண்டி முன்னே போனது, பின்னே வந்தது, மறுபடி முன்னே போனது.

"ஒடிங்க மாப்பிள்ளை... விடுங்க விடுங்க... ஐயையோ படி! பின்னாடி, பின்னாடி!"

வண்டிக்கு முன்னே பின்னோக்கி நடந்தபடியே இரண்டு கைகளையும் ஆட்டி வழிகாட்டினார். அவர் சட்டை தொப்பலாக நனைந்தது. கடைசியில் படிக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடம் விட்டு வண்டி திரும்பிவிட்டது. தெருவே கைதட்டியது. அங்கிருந்து இன்னும் நாலு நிமிடத்தில் கடைசி வீடு.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்திமூணு நிமிஷம். எங்கப்பா லேட்டு?"

"வளைவுல சார்," என்றார் மருமகன் தரையைப் பார்த்து.

"வளைவுல என்ன?"

மருமகன் வாயைத் திறக்கவில்லை. அவர் திறக்காவிட்டால் என்ன, தவளை தன் வாயால் கெடுவதற்கு யாருடைய உதவியும் வேண்டாம். மாப்பிள்ளையின் திறமை வெளியே தெரியாமல் போகிறதே என்று தையல்காரருக்குப் பொறுக்கவில்லை.

"நான் சொல்றேன் சார்! வேற எவனா இருந்தாலும் என் கடைப் படியை இடிச்சுத் தள்ளியிருப்பான். எங்க மாப்பிள்ளை பதினஞ்சு நிமிஷம் நெளிச்சு நெளிச்சு, ஒரு கீறல் விழாம திருப்பினாரு!"

"ஓ. அந்தப் படி யார் இடத்துல இருக்கு?"

"அது... கஸ்டமர் ஏறி வரணும்ல சார்."

"தெருவுக்குள்ள எத்தனை அடி வந்திருக்கு?"

பார்த்த பார்வையிலேயே ஆளின் இடுப்பளவைச் சொல்பவர் அவர். தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? "ரெண்டே முக்கால்," என்றார். வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது மாடியிலிருந்து மகள் எட்டிப்பார்த்தாள். இடுப்பில் ஆறுமாதக் குழந்தை.

"அப்பா! கைதட்டல் இங்கவரைக்கும் கேட்டுச்சே. எவ்வளவு நேரத்துல வந்தாரு?"

தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். தெருவுக்கே கேட்கிற மாதிரி இப்போதுதான் கத்தின கணக்கு, மகளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. தீப்பிடித்தால் அவள் மாடியில், வண்டி வளைவுக்கு அப்பால், நடுவில் தன் படி. அந்தப் பதினைந்து நிமிடமும் படி தப்பிக்க வேண்டும் என்றுதான் அவர் வேண்டிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை," என்றார் மெதுவாக. "படி இல்லன்னா?"

"வளைவைத் தாண்ட ஒரு நிமிஷம் போதும் மாமா."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நாலு வருஷம் கழிச்சு இந்த வாரம்தான் என்கிட்ட பேசுறீங்க. இதைச் சொல்லி அதையும் கெடுத்துக்கவா?"

தையல்காரர் வண்டியில் மாட்டியிருந்த கடப்பாரையை உருவிக்கொண்டு வளைவை நோக்கி நடந்தார். பின்னாலேயே தெருவும் நடந்தது. முதல் அடியில் கல் அசையவில்லை. நாலாவது அடியில் மேல்படி பிளந்தது. வாத்தியார் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்துக்கங்க," என்றார் அதிகாரி கூட்டத்தைப் பார்த்து. "அவங்கவங்க எடுத்ததைத் திருப்பிக் குடுத்தாலே போதும். யார் வீட்டையும் இடிக்க வேண்டாம், தெருவை அகலமாக்கவும் வேண்டாம்."

தையல்காரர் கடப்பாரையை ஊன்றி மூச்சு வாங்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் பார்வை எதிர்வரிசையில் போய் ஒரு இடத்தில் நின்றது.

"சார், அளவு நாடா கொண்டுவரேன். முதல்ல வாத்தியார் வீட்டு மதிலை அளப்போமா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள் ஒவ்வொருவராக நழுவிப்போய், அவரவர் வீட்டு வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.