பதினெட்டுக் கிலோ பொம்மை

இன்னும் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. ஒரு கை அவசரப்பட்ட கதை சொல்கிறேன். பயப்படாதீர்கள், குழந்தை பிழைத்துக்கொள்கிறது.

ஓர் ஆஸ்பத்திரியில், அடிபட்ட குழந்தைகளைக் கவனிப்பதற்கு நர்சுகளுக்கு ஐந்து நாள் பயிற்சி நடந்தது. தேறினால் அவசரப் பிரிவில் வேலை. தேறாவிட்டால் பழையபடி கட்டுப் போடும் அறைதான். அந்த வேலைக்காக ஆறு வருடம் தவம் கிடந்தவள் ஒரு நர்ஸ். அவள் கைவேகத்தைப் பார்த்து எல்லாரும் ‘புயல்’ என்பார்கள்.

பழகுவதற்கு ஒரே ஒரு ரப்பர் பொம்மை. தலையிலிருந்து குதிகால் வரை டேப் வைத்து அளந்தால், அந்த டேப்பிலேயே நீளத்துக்கு நேரே எடை எழுதியிருக்கும். எடைக்குத் தக்கபடிதான் மருந்து. பொம்மை பதினெட்டுக் கிலோ. இரண்டாம் நாளிலிருந்து யாருமே டேப்பை விரிக்கவில்லை. விடைதான் தெரியுமே! பயிற்சி தந்த டாக்டரம்மாவும் கண்டுகொள்ளவில்லை.

நான்காம் நாள், பயிற்சிக்கு நடுவிலேயே, மாடிப்படியில் உருண்டு தொடை எலும்பு முறிந்த பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் அப்பா ஓடி வந்தார். அங்கே அழுக்குத் துணி அள்ளும் ஆயாம்மா வாங்கிக் கட்டிலில் கிடத்தினாள்.

“நீயே பாரு, புயல்” என்றார் டாக்டரம்மா.

மூச்சு, ரத்தக்கசிவு, கால் அசையாமல் கட்டு என்று மளமளவென முடித்தாள். வலிக்கான மருந்தை ஊசியில் ஏற்றிக் குழந்தையின் கையைப் பிடித்தாள்.

“எவ்வளவு ஏத்துனீங்க, சிஸ்டர்?” என்றாள் ஆயாம்மா.

“பதினெட்டுக் கிலோவுக்கு.”

“இந்தக் குருவிக்குஞ்சா பதினெட்டு? அழுக்குத் துணி மூட்டையே இதவிடக் கனம்! நான்தானே தூக்கிப் படுக்க வெச்சேன்?”

டேப்பை விரித்தார்கள். பதினொன்று. அந்த ஊசி போயிருந்தால் மூச்சே அடங்கியிருக்கலாம்.

புயல் குழந்தையின் கையை விட்டாள். மருந்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஏற்றினாள். பக்கத்திலிருந்த நர்ஸ் சரிபார்த்த பிறகே போட்டாள். அழுகை விம்மலாகி, குழந்தை கண்ணயர்ந்தது.

மாலையில் டாக்டரம்மாவிடம் போய் நின்றாள்.

“எனக்குத் தேறலன்னு எழுதிடுங்க, டாக்டர்.”

“எழுதியாச்சு. எனக்கும் சேர்த்துத்தான். எல்லாரையும் ஒரே பொம்மைய வெச்சுப் பழக்குனது நான்தானே? நாளைக்கு மொதல்லேருந்து ஆரம்பிக்கிறோம். ஆளுக்கொரு துணிப்பொம்மை தெச்சு எடுத்துட்டு வாங்க. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது.”

துணிப்பொம்மைகளோடு பயிற்சி முடிந்தது; தேறாததால் கட்டுப் போடும் அறைக்கே அவள் திரும்பினாள். “என்ன சிஸ்டர், புயல் கரையக் கடந்துடுச்சா?” என்று ஆயாம்மா சீண்டுவாள். “வலுவிழந்துடுச்சு, போ!” என்பாள் இவள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பரீட்சை. ஒவ்வொரு பொம்மைக்கும் டேப்பை விரித்து அளந்து, எல்லாருக்கும் கடைசியாக முடித்தவள் அவள்தான். அவசரப் பிரிவில் வேலையும் கிடைத்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விழுந்தாலும், மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே எழட்டும். அவர்களைத் தூக்க ஓடுகிற உங்கள் கால்களுக்கும் நல்ல பலம் இருக்கட்டும், தங்கங்களா.