உடைக்காத அப்பளம்

அந்த ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பகையை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பிளஸ் டூ உளவியலில் தேறியிருக்க வேண்டும். தேறாதவர் பகையாளி வீட்டுக்குப் போய், உட்கார்ந்து சாப்பிட்டு, குழம்பு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

ஆவுடையப்பனின் பகைக்கு வருகிற சித்திரையில் முப்பது முடிகிறது. கடைசிக் கொழுந்தியாள் கல்யாணப் பந்தியில், அவர் சாப்பிட்டு முடிக்கும் முன்பே சகலை குற்றாலிங்கம் இலையை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட ஆவுடையப்பன், பகை கைவிட்டுப் போகக் கூடாதென்று நீலக் கால்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஊக்கம், மறதி, கனவு எல்லாவற்றையும் உருப்போட்டார். பக்கத்தில் இருந்தவர்கள், "தாத்தா, விடை காட்டட்டுமா?" என்றால், "என் பகைக்கு நான்தாம்லே படிக்கணும்" என்பார்.

செய்முறைத் தேர்வுக்குப் பகையாளியைக் கூட்டிவர வேண்டும். நடந்தது அவருக்கு மறந்துபோயிருந்தால் பகை செல்லாது.

குற்றாலிங்கம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் நேரே பேசிக்கொள்ள முடியாதே. அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் மூளையை எடுத்து நடுவில் வைத்தார்கள். இந்த மாதிரிக் காரியங்களுக்கு அதுதான் வழக்கம்.

"நான் வாசிக்கிறதக் கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்லு" என்றார் ஆவுடையப்பன். மூளை அப்படியே சொன்னது.

தேர்வு நடத்த வந்த பியூலா டீச்சர் கொடுத்த வார்த்தைகளை ஆவுடையப்பன் வாசித்தார். வாளி, கிளி, பூட்டு, இலை, சன்னல்.

"வாளி, கிளி, பூட்டு, சன்னல்" என்றார் குற்றாலிங்கம்.

டீச்சர் பேனாவை மூடினார். "இலையை மறந்துட்டாரே ஐயா. என்ன சொல்றீங்க?"

சகலை வீட்டுக் குழம்பின் வாசனை ஆவுடையப்பன் மூக்கில் ஏறிவிட்டது. ஆனாலும் அவர் விடவில்லை.

"மறக்கல டீச்சர். மறந்தவன்னா தடுமாறுவான். இவரு சாக்கடையத் தாண்டுத மாதிரி தாண்டிப் போறாரு. உள்ளுக்குள்ள அமுக்கி வச்சிருக்காரு. வேணும்னா கேளுங்க."

குற்றாலிங்கம் மூளையைப் பார்த்துச் சொன்னார்: "சகலைக்கிட்ட சொல்லு. அந்த எலையில ஒரு அப்பளம் இருந்துச்சு. உடைக்கக்கூட இல்ல. அடுத்த பந்திக்கு ஆளு நின்னுச்சு, எடுத்துட்டேன். சாப்பிட உக்காரும்போதெல்லாம் அந்த அப்பளம்தான் கண்ணுல நிக்கி."

மூளை சொல்லத் தொடங்கியது. "சகலை, அந்த எலையில ஒரு அப்பளம் இருந்துச்சு. உடைக்க..."

அதற்குள் டீச்சர் 'தேர்ச்சி' என்று எழுதிவிட்டார். வேலை முடிந்ததென்று குற்றாலிங்கம், மூளை சொல்லி முடிக்கும் முன்பே அதைத் தூக்கி அலமாரியில் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். துண்டால் மேசையையும் துடைத்தார். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரே வாசல் வழியாக வெளியே போனார்கள். ஆவுடையப்பன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

ஜூன் மாதம் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு மூளை முதல் ஆளாக வந்து நின்றது. உனக்கு இன்னும் முப்பது வருஷம் இருக்கிறதே என்று கிளார்க் சொன்னார். இப்போதே தொடங்கிவிடுவது நல்லது என்றது மூளை.

ஆவுடையப்பன் தன் புத்தகங்களை அதற்குக் கொடுத்தார். நீலக் கால்சட்டையை மட்டும் இடுப்பில் கொஞ்சம் பிடிக்க வேண்டியிருந்தது.