வயிற்றில் பட்ட அடி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யை எழுதியவன் நான்தான். பெயர் டெரிக், அபிராமபுரத்தில் பள்ளி ஆசிரியர். விடுமுறை நாட்களில் குத்துச்சண்டைப் போட்டிகளில் மேசை போட்டு உட்கார்ந்து, ஆடுகிறவர்களின் மருத்துவப் புத்தகங்களை நிரப்புவேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நொச்சிக்குப்பத்தில் விடியும்போது கடல்...’

அடித்துவிட்டேன். அந்தக் குப்பத்துக் குத்துச்சண்டைக்காரி கயல் கடலைப் பார்த்து நின்று நான் கண்டதே இல்லை. (குப்பத்துப் பெண் என்றதும் கடலை இழுத்து வருவது என் சோம்பேறித்தனம்.)

மறுபடி: தி. நகரில் ஒரு கல்யாண மண்டபம். மணமேடைக்கு முன்னால் குத்துச்சண்டை ரிங். பத்தொன்பது வயது கயல் தாடையில் குத்து வாங்கி விழுந்தாள். நடுவர் பத்து எண்ணியும் எழவில்லை.

தலையில் அடிபட்டு விழுந்தால் முப்பது நாள் ரிங் ஏறக் கூடாது என்பது விதி. வயிற்றில் பட்டால் அந்தத் தடை இல்லை. எங்கே பட்டது என்று டாக்டர்தான் எழுத வேண்டும். எங்கள் டாக்டர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாப் புத்தகத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். மீதியை நான் எழுதுவேன். (யாரும் இதைத் தப்பென்று நினைத்ததில்லை. நானும்தான்.)

3

அவள் அப்பா ரகுபதி மேசைக்கு வந்தார்.

“சார், பத்து நாள்ல செலக்‌ஷன் கீது. ஜெயிச்சா போலீஸ் வேலை சார். வவுத்துல பட்டுச்சின்னு எய்திடு.”

“தாடைல வாங்கினத ஊரே பாத்துச்சு, ரகுபதி.”

“ஊரா எய்துது? நீதான சார் எய்தற.”

[இந்த இடத்தில் என் மனப்போராட்டத்தை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். போராட்டமே நடக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு நல்லது செய்கிற சந்தோஷத்தோடுதான் ‘வயிறு’ என்று எழுதினேன்.]

4

பத்தாம் நாள் தேர்வுப் போட்டியில் மறுபடி விழுந்தாள். மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அந்த நாள் அவள் நினைவில் இல்லை. இப்போது சொல்வதும் தங்குவதில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு வாரமும் கேட்பாள்: “சார், செலக்‌ஷன்ல ரெஃப்ரீ யார் கைய தூக்கினாரு? என்துதான?”

முதல் முடிவு. “உன் கையத்தான்மா” என்றேன். “அப்ப வேலை ஆர்டர் எங்க சார்?” என்று கேட்டுவிட்டு வாசலில் போய் நின்று தபால்காரரைத் தேடினாள்.

இரண்டாம் முடிவு. “தோத்துட்டம்மா.” அழுதாள். அரைமணி நேரத்தில் அழுததை மறந்துவிட்டு அதையே கேட்டாள்.

மூன்றாவது, உண்மை. “தலைன்னு எழுதாம விட்டேன், கயல். என்னாலதான் நீ இப்படி இருக்க.” என் கையைத் தட்டிக்கொடுத்தாள். “பரவால்ல, வுடு சார்.” அப்பாடா, மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நான் —

“சார், யார் கைய தூக்கினாரு?”

5

நான்காவது முடிவு என்னிடம் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த ஞாயிறு நீங்கள் போங்கள். ரகுபதி நாற்காலி போடுவார். கயல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பாள். பதில் வருகிறவரை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.