குருந்து என்று எழுதியவன்

மிளகுக்கொடி தழுவிய மரங்கள் பனியில் நனைந்து நிற்க, சாதிக்காய் மணம் சுமந்த இளங்காற்று மலைச்சரிவிறங்கி வர, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் ஆண்டின் ஒரு வைகறையில், மாத்தளை மாவட்டத்து உக்குவளைத் தொடர்வண்டி நிலையம், தாயகமென்று தாள் மட்டுமே சொன்ன நாட்டுக்குப் புறப்படுவோரின் அழுகையால் நிறைந்திருந்தது. குடியுரிமை ஒப்பந்தத்தால் இரண்டு அரசுகள் கூடிக் கைம்பெண் அங்கம்மையை இலங்கைக்கும், அவள் வளர்த்த தம்பி சடையனை இந்தியாவுக்கும் பகிர்ந்தளித்திருந்தன. ஆழமற்ற மண்தட்டில் நின்ற ஒரு சாண் மரத்தை அவன் கையில் வைத்து, "துணைக்கு இருக்கட்டும்," என்றாள் அவள்.

தோட்டத்துரையின் மாளிகையில் பூங்காப் பணி புரிந்து, மரத்தைக் குறுக்கி வளர்க்கும் கலையை அங்கே கண்டு கற்றவன் சடையன். காடு திருத்துகையில் வெட்டுண்ட முட்புதரொன்றின் அடியைப் பெயர்த்து, ஆணிவேர் தறித்து, செம்புக்கம்பியால் கிளை வளைத்து மூவாண்டு பேணினான். இலை கசக்கினால் மணத்ததால், காட்டில் முளைத்த எலுமிச்சை என்றான்.

"இலைக்காம்பில் எலுமிச்சைக்குரிய சிறகுபோன்ற விரிவு இல்லையே தம்பி. இது குருந்து," என்பாள் அங்கம்மை.

"காய்க்கட்டும் அக்கா, பார்ப்போம்," என்பான். ஒருநாளும் தோல்வியை ஒப்பியதில்லை.

மறு ஆண்டு, அவன் குடியேறிய நீலமலையிலிருந்து மடல் வந்தது. "மரம் காய்த்தது அக்கா. கோலிக்குண்டளவு உருண்ட காய். நீ சொன்னதே சரி, குருந்துதான்." அம்மடலை அவள் அண்டை வீட்டார்க்கெல்லாம் காட்டிப் பெருமிதமுற்றாள்.

கருவாடு கொள்ள, சடையன் புறப்பட்ட அன்று அதே வண்டியில் தலைமன்னார் சென்றிருந்த வணிகர் சாலிஹிடமும் காட்டினாள். அவர் முகம் மாறிற்று.

"அந்த மரமா, தங்கச்சி? மண்ணும் வேரும் கப்பலேறக் கூடாதென்று துறைமுகக் காவலர் வாங்கிக் கடலில் எறிந்துவிட்டார்களே. உங்க தம்பி கெஞ்சினதை நான் பார்த்தேன்."

அங்கம்மை மடலை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாதவன், தன் தோல்வியைக் கொடுத்திருக்கிறான் என்று அறிந்து, கதவடைத்து நெடுநேரம் அழுதாள். பின்பு பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்து மறுமடல் எழுதச் சொன்னாள்: "தம்பி, காய்களை அளவோடு விடு. சின்ன மரம் பாரம் தாங்காது."

ஆண்டுதோறும் அவன் காய்த்ததை எழுதினான். அவள் நீரளவு சொன்னாள். எண்பத்து மூன்றில் அவன் மடல்கள் நின்றன. ஏனென்று சொல்வார் எவருமிலர். அன்புடையார் பொய்யைப் பொய்யென்று அறிந்தும் போற்றுவர். அப்பொய்யும் ஓய்ந்த பின்னரே அவர்க்குப் பிரிவு முழுமையாகிறது.