கார் ஷெட்டுக்கு ஒரு டியூப் லைட்

என் வீட்டுக்காரர் அழகர்சாமிக்கு எதையும் சேலையை வைத்துத்தான் பார்க்கத் தெரியும். சின்னாளப்பட்டியில் சேலைக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்கு வர்ணம் அடிப்பதென்றாலும் ஒரு சேலையைச் சுவரில் போட்டுப் பார்ப்பார். இந்த மனிதர் கார் ஷெட்டுக்கு லைட் வாங்கக் கிளம்பினால் சும்மா போவாரா? அரக்குச் சேலை ஒன்றை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பெட்ரோல் வீண் என்று காரை விட்டுவிட்டுத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினார். நானும் கூடவே ஏறினேன், தனியே விட்டால் காரியம் உருப்படாது என்று தெரிந்துதான்.

எனக்கு அந்த ஷெட்டின் மேல் ஒரு கண். எண்பத்து நாலில் வாங்கிய எங்கள் பழைய அம்பாசடர், சாயங்காலமானால் இவர் ஓட்ட, சேலை மூட்டைகளோடு மதுரைக்குப் போய்விடும். எட்டரைக்குத்தான் திரும்பும். அதுவரை சும்மா கிடக்கிற ஷெட்டில், எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேரோடு உட்கார்ந்து சுங்குடி முடிச்சுப் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. வெள்ளைத் துணியில் வைத்த புள்ளியை நகத்தால் கிள்ளி, நூல் சுற்றி, மிளகைவிடச் சின்னதாக முடிச்சுப் போடுகிற வேலை. சாயத்தில் முக்கி அவிழ்த்தால் முடிச்சிட்ட இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். பகலில் எங்களுக்குத் தறியும் அடுப்பும்தான். சாயங்காலம் அவரவர் வீட்டில், மங்கிய பல்புக்கடியில், யாரோ ஒரு முதலாளிக்காகப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது மதுரை வியாபாரி ஒருவர் என் பேரிலேயே நாற்பது சேலைக்கு ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். மாதிரிச் சேலை மட்டும் அவருக்குப் பிடிக்க வேண்டும். முதல் மாதிரியைத் திருப்பி அனுப்பிவிட்டார், முடிச்சு வரிசை கோணலாம். அந்த வெளிச்சத்தில் போட்டால் வேறெப்படி இருக்கும்? அடுத்த சனிக்கிழமை இரண்டாவது மாதிரி பார்க்க வருவார். அதுவும் தப்பினால் ஆர்டர் வேறு ஆளுக்கு.

லைட் கடை அப்பாஸ் பொறுமைசாலி. ஷெட்டில் இருக்கிற நூறு வாட்ஸ் பல்ப் கரண்டைக் குடிக்கிறது, சிக்கனமாக ஒன்று வேண்டும் என்றோம். நாற்பது வாட்ஸ் பல்பையும் நாற்பது வாட்ஸ் டியூப் லைட்டையும் எரியவிட்டுக் காட்டினார்.

"ரெண்டும் நாப்பதுதாண்ணே. டியூப்புக்குச் சோக்கு கொஞ்சம் கூட இழுக்கும், அம்புட்டுத்தான். ஆனா வெளிச்சத்தப் பாருங்க. உங்க நூறு வாட்ஸு இதுகிட்ட நிக்காது."

இவர் சேலையை விரித்தார். பல்புக்கடியில் அரக்கு ஜொலித்தது. டியூப்புக்கடியில் கறுத்துச் சோர்ந்துபோனது. அவர் முகமும் கூடவே சோர்ந்தது.

"என் சாயத்தையே கெடுக்குதுய்யா இது! பல்பையே குடுங்க. சூர்யகலா, நீ பேசாம இரு."

எனக்கு வந்ததே கோபம்.

"ஏங்க, ஷெட்டுக்குள்ளயா சாயம் போடப் போறீங்க? உங்க காரு கறுப்பு. எந்த லைட்டுலயும் அது கறுப்புத்தான். நாங்க முடிச்சுப் போடுறது வெள்ளத் துணியில. சாயம் ஏறுறது அதுக்கப்பறம் உங்க தொட்டியில!"

பையிலிருந்து புள்ளி வைத்த வெள்ளைத் துணியை எடுத்துப் பல்புக்கடியில் பிடித்தேன். என் விரல் நிழலே புள்ளியை மறைத்தது. டியூப்புக்கடியில் பிடித்தேன். நிழல் இருந்த இடம் தெரியவில்லை, புள்ளி பளிச்சென்று தெரிந்தது. அங்கேயே ஒரு முடிச்சுப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு சேலையை மடித்தார். அவர் சேலையை மடித்துவிட்டால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை சாயங்காலம் கார் கிளம்பியதும் எட்டுப் பேரும் பாயோடு வந்துவிட்டார்கள். இருட்டத் தொடங்கியதும் ஸ்விட்சைப் போட்டேன். டியூப் சிமிட்டியது, சிமிட்டியது, எரியவே இல்லை. ஊரே லைட் போடுகிற நேரத்தில் வோல்டேஜ் எங்கே இருக்கும்? ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாயம்மாள் பாயைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

"ஏப்பா, செத்த நேரம் அம்புட்டு வீட்டுலயும் லைட்ட அமத்துங்க! கிரைண்டர நிப்பாட்டுங்க! கலா வீட்டு டியூப்பு பத்தட்டும்!"

திட்டிக்கொண்டே அணைத்தார்கள். தெரு இருண்டது, கிரைண்டர் சத்தம் நின்றது. டியூப் இன்னும் இரண்டு தரம் சிமிட்டிவிட்டுப் பற்றிக்கொண்டது. ஷெட்டுக்குள் ஒரே குலவை! பிறகு தெருவில் எல்லா வீட்டிலும் லைட் வந்தது, எங்கள் டியூப் அசரவில்லை.

எட்டரைக்குக் கார் வந்து ஷெட் வாசலில் நின்றது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

"காரை எங்க நிப்பாட்டுறது?" என்றார் இவர்.

"வெளியிலயே நிக்கட்டும்ணே," என்றாள் மாயம்மாள். "அதுக்குத்தான் சொந்தமா ரெண்டு லைட்டு இருக்குல்ல."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. இவர் குனிந்து முடிச்சு வரிசையை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கோணல் இல்லை. போய்க் காரைத் தெருவோரம் நிறுத்திவிட்டு வந்து, "எனக்கும் செத்த இடம் விடுங்க, நூலு அறுத்துக் குடுக்குறேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து ஆறரை மணிக்கு, யாரும் கேட்காமலே, தெருவே ஒரு நிமிஷம் லைட்டை அணைத்தது. வியாழக்கிழமை முடிச்சு முடிந்தது. வெள்ளிக்கிழமை இவர் அதை அரக்கில் முக்கினார், காய்ந்ததும் நாங்கள் முடிச்சுகளை அவிழ்த்தோம்.

சனிக்கிழமை வந்த வியாபாரி சேலையை வெயிலில் விரித்தார். இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புவரை நிதானமாகப் பார்த்தார்.

"நாப்பது போதாதும்மா, அறுபதாப் போடுறீங்களா?" என்று நோட்டை எடுத்தார். "பேரு, விலாசம் சொல்லுங்க."

நான் வாயெடுப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு சொன்னார்:

"சூர்யகலா, கார் ஷெட், சின்னாளப்பட்டி."