சுர்வாலின் சமமான ஓட்டு

பரப்பளவில் எங்கள் சுர்வால் பெரிய ஊராட்சிதான். எல்லை பனியாற்றின் உச்சிவரை போகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி வெறும் பாறை. மிச்சம் காடும், கோடையில் மட்டும் மாடுகளை ஏற்றிவிடுகிற மேய்ச்சலும். மனிதர்கள் இருப்பது ஓடையின் இரு கரையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் வீடுகளில். நவம்பரில் தெற்கு மலைக்குப் பின்னால் மறைகிற சூரியன் பிப்ரவரியில்தான் ஊருக்குள் திரும்பும்.

அந்த வெயிலில்லாத காலத்தில்தான் மெஞ்ஜா இறந்தாள். ஊராட்சித் தலைவர் கௌடென்ஸின் மனைவி. கொட்டிலில் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். கௌடென்ஸ் அழுததை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் பால் கறந்தார். அடக்கம் முடிந்த அன்றைக்கும் கறந்தார்.

அடுத்த மாதமே ஊர்க்கூட்டம் வந்தது. கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் காம்ப்ளான் ஊராட்சியோடு சுர்வாலைச் சேர்த்துவிடலாமா என்பதுதான் கேள்வி. சேரக்கூடாது என்று வீடு வீடாகப் போய்ப் பேசியவள் மெஞ்ஜா. கௌடென்ஸ் எந்தப் பக்கமும் பேசவில்லை. இரு தரப்பும் சமமானால் ஒழிய தலைவருக்கு ஓட்டில்லை என்பது எங்கள் வழக்கம்.

பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன பள்ளிக்கூடத்தில் கூடினோம். கைகளை எண்ணியது நான்தான். இரண்டு தடவை எண்ணினேன். இந்தப் பக்கம் பதின்மூன்று, அந்தப் பக்கமும் பதின்மூன்று.

 எல்லோரும் இறந்துபோன அந்த ஒரே ஆளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"பாறைக்கெல்லாம் கை முளைச்சிருந்தா அதுங்கதான் ஜெயிச்சிருக்கும், எண்ணவே வேண்டியிருந்திருக்காது" என்றாள் கிழவி நேசா. இரண்டு பேர் சிரித்தார்கள்.

மெஞ்ஜாவின் தம்பி ரீஷ் எழுந்தான். "அத்தான், அக்கா இருந்திருந்தா இந்நேரம் எல்லாரும் வீட்டுக்குப் போய் சூப்பு குடிச்சிட்டிருப்போம். இப்ப நீங்க சொல்லுங்க."

கௌடென்ஸ் கணப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேர்ந்துடலாம்" என்றார்.

"அவ்வளவுதானா?"

"அடுத்த வருஷம் தலைவரா நிக்க யாரு இருக்கா? நீ நிக்கிறியா?"

"எனக்கு மாடு இருக்கே."

"எனக்கும் இருக்கு."

ரீஷின் முகம் சிவந்தது. "அக்கா உயிரோட இருந்தா இப்படிச் சொல்லியிருப்பீங்களா?"

"அவ இருந்திருந்தா என்னை யாரும் கேட்டிருக்கவே மாட்டீங்களே."

கோபத்தோடு சொல்லவில்லை. கடிகாரம் பார்த்து மணி சொல்வதுபோல் சொன்னார். ரீஷ் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதன் பிறகு அவன் அத்தானோடு பேசவில்லை. வழியில் பார்த்தால் ஓடையின் மறுகரைக்குப் போய்விடுவான். பனி இளகிய பிறகு ஒருநாள் கௌடென்ஸிடம் கேட்டேன்: "ரீஷ் பேசாதது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"தெரியல" என்றார். "பல்லு புடுங்க ஊசி போட்டாப்புல இருக்கு. கன்னத்தைத் தொட்டா அது என் கன்னம் மாதிரியே இல்ல."

ஜூலையில் ரீஷ் செங்குத்தான சரிவில் புல் அறுத்துப் போட்டிருந்தான். மதியம் பனியாற்றுப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. மழைக்குள் ஒற்றை ஆளாக வாரி முடிக்க முடியாது. புல் வாரும் வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு கௌடென்ஸ் மேலே ஏறுவதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். நானும் ஒரு வாரியோடு பின்னாலேயே போனேன்.

மூன்று பேரும் வாரினோம். கடைசிப் புல்கட்டைக் களஞ்சியத்துக்குள் தள்ளும்போது மழை பிடித்துக்கொண்டது. ரீஷ் குடுவையிலிருந்து காபி ஊற்றி அத்தானிடம் நீட்டினான்.

"குடிங்க."

கௌடென்ஸ் ஒரு வாய் குடித்தார். "சர்க்கரை ஜாஸ்தி" என்றார். "மெஞ்ஜா பாத்தா திட்டுவா."

"ஆமா, திட்டுவா."

 அழுகை வரவில்லை, இருவருக்கும். மழை விட்டதும் கௌடென்ஸ் பால் கறக்க இறங்கிப் போனார். மறுவாரம் ரீஷ், கூப்பிடாமலே, அவருடைய புல்வெளிக்கு வாரியோடு வந்து நின்றான்.