பதினொன்றரை வரைக்கும் பழைய பேட்டரி

திருமணப் பதிவு அலுவலகத்தின் தலைமை எழுத்தருக்குக் கீழே வேறு எழுத்தர் யாரும் கிடையாது. இருந்த இரண்டு பேரும் ஓய்வு பெற்றுப் போனார்கள், அந்த இடத்துக்கு ஆள் போட மேலிடம் மறந்துவிட்டது. ஆகவே உடம்பில்லாமல் தலை மட்டும் பல வருஷமாக அங்கே உட்கார்ந்திருந்தது. அந்தத் தலைக்கு ஒரே ஒரு பெண். அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு அவளுக்கு அதே அலுவலகத்தில், அப்பாவின் மேசையிலேயே கல்யாணப் பதிவு. மாப்பிள்ளை, நாய்களுக்கு உட்காரவும் எழுந்திருக்கவும் சொல்லிக்கொடுப்பவன்.

'நாய்க்காரன்' என்றுதான் தலைமை எழுத்தர் அவனைச் சொல்வார். மூன்று வருஷமாக மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள், மூன்று வருஷமாக அவர் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை. கடைசியில் அவள், "தேதி குறிச்சாச்சுப்பா. உங்க ஆபீஸ்லயே வெச்சுக்கறோம், உங்களுக்கும் ஒரு லீவு மிச்சம்" என்று சொல்லிவிட்டாள். அதற்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்கென்று பதினோரு நிமிஷம் இருந்தது, அதை நம்பிக்கொண்டிருந்தார்.

அந்தப் பதினோரு நிமிஷம் பின்னறையிலிருந்து வந்தது. அங்கே ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் பதிவுகளையெல்லாம் சேமித்து வைக்கிற பெட்டி. ஒரு வருஷம் முன்புவரை மேசையில் 'சேவ்' தட்டினால் கண் இமைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். அப்புறம் பெட்டியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஒரு பதிவு ஏறப் பதினோரு நிமிஷம். திரையில் ஒரு நீலக் கோடு அங்குலம் அங்குலமாக நகரும். அது போய்ச் சேருகிறவரை 'ரத்து' என்று ஒரு சிவப்புப் பட்டன் முழித்துக்கொண்டிருக்கும். அதைத் தட்டினால் எதுவுமே நடக்காத மாதிரி வீட்டுக்குப் போகலாம். கோடு போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் கோர்ட்டுதான்.

அந்தப் பதினோரு நிமிஷமும் ஜோடிகள் எதிர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். செல்போன்கூட அந்தச் சுவர்களுக்குள் பாதிதான் எடுக்கும். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் யோசிக்க ஆரம்பிப்பார்கள். ஒரே வருஷத்தில் ஒன்பது ஜோடி பாதியில் எழுந்து போயிருந்தது. ஒரு மணமகள் கைப்பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். மற்ற அலுவலகங்களில் மெதுவான கம்ப்யூட்டரைத் திட்டுவார்கள். தலைமை எழுத்தர் ஒன்பது குடும்பங்களைக் கரையேற்றிய திருப்தியில் இருந்தார். ஜோடிகள் உட்கார்ந்ததும் மின்விசிறியையும் நைசாக அணைத்துவிடுவார். புழுக்கத்தில்தான் மனுஷனுக்குப் புத்தி வரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. மஞ்சள் விளக்கைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு வரி எழுதவில்லை.

அப்படிப்பட்டவர் முன்னால், கல்யாணத்தன்று காலை பத்து மணிக்கு, தோளில் கருவிப்பையும் கையில் ஓர் அட்டைப்பெட்டியுமாக ஒரு பெண்மணி வந்து நின்றார்.

"ஸ்டோரேஜுக்கு பேட்டரி மாத்த வந்திருக்கேன் சார். பத்து நிமிஷ வேலை. பெட்டியை நிறுத்தக்கூட வேண்டாம்."

தலைமை எழுத்தருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "யாரு வரச் சொன்னது? நான் சொல்லலையே!"

"பெட்டிதான் சார் சொல்லுச்சு. ஒரு வருஷமா எங்க கம்பெனிக்குத் தினமும் ஒரு மெயில் போடுது. எங்க ஆளுங்க இப்பதான் படிச்சாங்க."

கூடவே இருந்து குழி பறித்த பெட்டியை மனசுக்குள் சபித்தபடி, "மாத்தினா வேகம் வந்துடுமா?" என்று கேட்டார்.

"பறக்கும் சார். நீங்க குடுக்கறதை இது முதல்ல கையில வாங்கிக்கும். வாங்கிட்டேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு, அப்புறமா சாவகாசமா டிஸ்க்குல எழுதும். நடுவுல கரன்ட் போனா, கையில இருக்கறது கீழ விழாம இந்த பேட்டரிதான் தாங்கணும். இப்ப அதுக்கு வயசாயிடுச்சு. பெட்டிக்குத் தன் கை மேலயே நம்பிக்கையில்லை. ஒவ்வொண்ணையும் டிஸ்க்குல எழுதி, திரும்பப் படிச்சுப் பார்த்து, அதுக்கப்புறம்தான் சரிங்குது. அதான் இவ்வளவு நேரம்."

"பொறுப்பான பெட்டிதானே? அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

பேட்டரிக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். தலைமை எழுத்தர் தன் கைவசமிருந்த சால்ஜாப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். வெளியாட்கள் வருகைப் பதிவேட்டில் மூன்று பிரதி எழுத வேண்டும் என்றார். பேட்டரிக்காரம்மா மளமளவென்று எழுதிக் கொடுத்தார். பின்னறைச் சாவி பதிவாளரிடம் இருக்கிறது, பதிவாளர் மீட்டிங்கில் இருக்கிறார், மீட்டிங் எந்த மாடியில் என்று தெரியாது என்றார். பேட்டரிக்காரம்மா அவருடைய இடுப்பைப் பார்த்தார். பெல்ட்டில் தொங்கிய சாவிக்கொத்தில் 'பின்னறை' என்று அவரே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய சாவி ஆடிக்கொண்டிருந்தது.

பாச்சா பலிக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டார். பேட்டரிக்காரம்மா பெட்டியின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பழைய பேட்டரி, பல்வலிக்காரன் கன்னம் மாதிரி ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"இதை இப்படியே விட்டா நல்லதில்லை சார்."

"அம்மா, இன்னிக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம்."

"அட! வாழ்த்துகள் சார்!"

"வாழ்த்தாதீங்க," என்றார் தலைமை எழுத்தர். நீலக் கோடு, சிவப்புப் பட்டன், ஒன்பது ஜோடி, நாய்க்காரன் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். "அந்தப் பதினோரு நிமிஷம்தான்மா என் கடைசி நம்பிக்கை. நான் சொன்னா கேக்க மாட்டா. தானா யோசிச்சான்னா எழுந்து வந்துடுவா. அவ பதிவு முடியட்டும், அப்புறம் பத்து பேட்டரி வேணும்னாலும் மாத்திக்கோங்க."

பேட்டரிக்காரம்மா சிரிக்கப்போகிறார் என்று நினைத்தார். அவர் சிரிக்கவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எட்டு வருஷம் முன்னாடி எனக்கும் இந்த ஆபீஸ்லதான் சார் பதிவாச்சு. அப்ப இந்தப் பெட்டி ரொம்ப வேகம்." ஒரு பெருமூச்சு விட்டார். "சரி, பதினொன்றரை வரைக்கும் வெளிய வேன்ல உக்காந்திருக்கேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. பன்னெண்டரைக்கு ஆஸ்பத்திரில இன்னொரு கிழ பேட்டரி காத்துக்கிட்டிருக்கு."

பதினோரு மணிக்கு வரவேண்டியவர்கள் பதினொன்றேகாலுக்கு வந்தார்கள். நாய்க்காரன் புதுச் சட்டையில் வந்திருந்தான். அதிலும் நாய் மயிர் ஒட்டியிருந்ததைத் தலைமை எழுத்தர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். "வணக்கம் மாமா" என்றான். "படிவத்துல பேனாவால எழுதணும்" என்று அவர் பதில் சொன்னார். சாட்சிக்கு வந்த அவனுடைய நண்பர்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட கையோடு டீக்கடை தேடிப் போய்விட்டார்கள். மகளின் கையெழுத்தை மட்டும் தலைமை எழுத்தர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று இருபத்து மூன்றுக்கு 'சேவ்' தட்டினார்.

"நேரமாகும். உக்காருங்க."

"தெரியும் மாமா, பதினோரு நிமிஷம். நான் அரை மணி நேரம் அசையாம உக்கார நாயையே பழக்கியிருக்கேன்" என்று சிரித்தபடி அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். தலைமை எழுத்தர் மின்விசிறியை அணைத்தார்.

மூன்றாவது நிமிஷம் நாய்க்காரனின் செல்போன் அடித்தது. யாரோ ஒருவர் வீட்டு நாய் ஷூவைக் கடித்து விழுங்கிவிட்டதாம். பேச்சு விட்டு விட்டுக் கேட்டதால், "வாயைத் திறக்க வெச்சுப் பாருங்க... அதோட வாயை சார், உங்க வாயை இல்ல" என்று கத்திக்கொண்டே வராந்தாவுக்கு ஓடினான். கல்யாணம் ஏறிக்கொண்டிருக்கும்போது ஷூவுக்காக எழுந்து போகிறான்! தலைமை எழுத்தரின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள். முதலில் கதவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அதற்கப்புறம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை தலைமை எழுத்தருக்கு அத்துப்படி. ஒன்பது தடவை பார்த்திருக்கிறார். ஆறாவது நிமிஷம் அவள் எழுந்து மேசைக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அப்பா, ரத்து பண்ணிடுங்க."

அவருக்கு உச்சி குளிர்ந்தது. மவுஸைப் பிடித்து அம்பைச் சிவப்புப் பட்டன்மேல் கொண்டுபோய் நிறுத்தினார். தட்டினால் 'காரணம்' என்று ஒரு கட்டம் வரும். ஓடிப்போன ஒன்பது ஜோடிக்கும் யாரையும் கேட்காமல் 'மனமாற்றம்' என்று அவரே நிரப்பியிருந்தார். இவளிடம் மட்டும் கேட்டுவிட ஆசையாக இருந்தது. அவள் வாயால் 'நாய்' என்று ஒரு வார்த்தை வந்தால் காது குளிரும்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்மா. என்னன்னு போடட்டும்?"

"நீங்கதான்ப்பா காரணம்."

"நானா?"

"நேத்து டப்பாவிலெல்லாம் பேர் எழுதி ஒட்டிட்டிருந்தேன். உப்பு, சர்க்கரை, டீத்தூள்னு. உங்களுக்கு எது எங்க இருக்குன்னே தெரியாதே. பதினாலாவது டப்பாவுல பேனா ஓடலை. அம்மா போனதுலேர்ந்து ஆறு வருஷமா நீங்க ஒரு வேளைகூடத் தனியா சாப்பிட்டதில்லைப்பா. நான் லேட்டா வந்தா, பசிக்கலைன்னு பொய் சொல்லிட்டுத் தட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. நான் போயிட்டா யாரோட சண்டை போடுவீங்க? டி.வி.யோடயா?"

"அவனைப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. அதான்ப்பா கஷ்டமா இருக்கு."

தலைமை எழுத்தர் இத்தனை நாளும் நாயைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் வழியை மறித்துப் படுத்திருந்தது நாயே இல்லை, தான்தான் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தக் கட்டத்தில் என்னவென்று எழுதுவது? காரணம்: தகப்பன், உப்பு இருக்குமிடம் தெரியாதவன். தட்டினால் இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அவள் எதிரே இருப்பாள். நாளைக்கும் இருப்பாள். பத்து வருஷம் கழித்தும் அப்படியே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள், அப்போது அவளும் பசிக்கவில்லை என்று பொய் சொல்ல ஆரம்பித்திருப்பாள். அவருக்கு அவள்மேல் உயிர். அந்த உயிரை வைத்துக்கொண்டு இப்படியொரு காரியம் பண்ணப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது.

நீலக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. அவர் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"ரத்தா? அதெல்லாம் அப்பவே முடிஞ்சு போச்சும்மா. காலையில புது பேட்டரி போட்டுட்டாங்களே. இப்பல்லாம் ரெண்டே செகண்ட்தான். தட்டினவுடனே ஏறிடுச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்புறம் ஏன் எங்களை உக்கார வெச்சிருக்கீங்க?"

"பிரின்டர்... பிரின்டர் கொஞ்சம் சூடாகணும்" என்று அரசாங்கச் சேவையில் அவர் சொன்ன பொய்களிலேயே மகா மட்டமான பொய்யைச் சொன்னார். "நீ போய் உக்காரும்மா. பேர் ஒட்டாத டப்பாவுல என்னன்னு நான் நாக்கை வெச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சுக்கறேன்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பேட்டரிக்காரம்மா நின்றார். கையில் புது பேட்டரி, உறைகூடப் பிரிக்காமல்.

"சார், பதினொன்றரை. பழசைக் கழட்டட்டுமா?"

தலைமை எழுத்தர் ஸ்டேப்ளரைத் திறந்து உள்ளே பின் இருக்கிறதா என்று மும்முரமாக ஆராய்ந்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. மகள் பேட்டரியைப் பார்த்தாள். பிரிக்காத உறையைப் பார்த்தாள். எட்டி, அப்பா திருப்பி வைத்திருந்த திரையையும் ஒரு பார்வை பார்த்தாள். சிவப்புப் பட்டன் அங்கேயே இருந்தது. அவள் கையை நீட்டினால் எட்டும். மூன்று வருஷமாக அப்பா சொல்லாத 'சரி', கடைசியில் இப்படி ஒரு பித்தலாட்டமாக வந்து சேர்ந்திருக்கிறது என்று புரிந்துகொண்டது அவள் முகத்திலேயே தெரிந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வராந்தாவிலிருந்து நாய்க்காரன் மூச்சு வாங்க ஓடிவந்தான். "துப்பிடுச்சு மாமா, முழு ஷூவும் வந்துடுச்சு!" என்றவன், பெஞ்ச் காலியாக இருப்பதைப் பார்த்து, "என்னாச்சு? முடிஞ்சிடுச்சா?" என்றான்.

மகள் பேட்டரிக்காரம்மாவின் பக்கம் திரும்பி, "இன்னும் நாலு நிமிஷம் பொறுங்கக்கா, எங்க பதிவு ஏறிட்டிருக்கு" என்றாள். சொல்லிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.